மாப்பிள்ளை வீட்டு வரிசைக்கு மூன்று பிடி கொள்ளு

மாசாணம் அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்றால், முதலில் நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் எனக்கு எழுத வரும். என் சுபாவம் அப்படி. எங்கள் சர்ச்சில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கிளமென்ட் மகள் ஷைலாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று. ஆனால் அந்த மனுஷன் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், கோபம் வருமா வராதா என்று.

கோயம்புத்தூரில் காளப்பட்டிப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரி. அதன் பின்புறம் விலங்குக்கூடம். ஆராய்ச்சிக்காக வளர்க்கும் எலிகளும் முயல்களும் அங்கேதான். அவற்றுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, எதற்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கண்டுபிடித்துச் சொல்வது மாசாணம் அண்ணனின் வேலை. வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் ஆனைமலை. அந்த ஊர் அம்மன் பேரைத்தான் வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் கல்யாணச் சமையல்காரர். சோமனூர்த் தறிக்காரர் வீட்டுக் கல்யாணம் முதல் உடுமலைத் தோட்டக்காரர் வீட்டுச் சீர் வரைக்கும் அவர் கை படாத அடுப்பே கிடையாது என்பார். சமையலோடு விடமாட்டார், பந்தி விசாரணையும் அவரே. எந்த இலையில் சோறு மிச்சம் கிடக்கிறது, யார் பாயசத்துக்காகக் காத்திருக்கிறார் என்று பந்தியின் ஒரு முனையில் நின்று பார்த்தே சொல்லிவிடுவாராம். கொரோனா வந்தது, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றார்கள், ஆயிரம் பேருக்குச் சமைத்த கூட்டம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. இவர் எங்கள் கல்லூரி கேன்டீனுக்கு வந்தார். விலங்குக்கூடத்து ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, இரண்டு நாளைக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரை அனுப்பினார்கள். நாலு வருடமாக அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

இனி என் கதை கொஞ்சம், அது இல்லாமல் அவர் கதை புரியாது.

நாம் சாப்பிடுகிற பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைப் பிரித்தால் கிடைப்பவை அமினோ அமிலங்கள். இருபது வகை. அதில் மெத்தியோனின் என்று ஒன்று. உடம்புக்கு அது வேண்டும், ஆனால் அளவு மிஞ்சினால் முயல்களின் ரத்தக் குழாய்ச் சுவர் கெட்டுப்போய் உள்ளே கொழுப்பு படிகிறது. கிளைசின் என்று இன்னொன்று, லேசாக இனிக்கும். மெத்தியோனின் செய்கிற கெடுதலைக் கிளைசின் குறைக்குமா? இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இருபத்து நான்கு முயல்கள், மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. முதல் வரிசைக்குச் சாதாரணத் தீனி. இரண்டாம் வரிசைக்கு மெத்தியோனின் கூடுதல். மூன்றாம் வரிசைக்கு மெத்தியோனினோடு கிளைசினும். பதினாறு வாரம் கழித்துப் பெருந்தமனியை எடுத்து, கொழுப்பை மட்டும் சிவப்பாக்கும் சாயத்தில் போட்டு, எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்ப்பது.

விலங்கு நலக்குழு எனக்குக் கொடுத்த அனுமதி ஒரே ஒரு தடவைக்கு. உதவித்தொகையும் அந்த வருடத்தோடு சரி. இந்த இருபத்து நான்கு முயலில் ஏதாவது குளறுபடி ஆனால் நாலரை வருடப் படிப்பு குப்பைக்குப் போகும், பட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். "ஏன் ஷைலா, அந்த மொசலு இன்னுமா படிச்சு முடிக்கல?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இந்த மாதிரித் தீனி கடையில் வராது, நாமே செய்ய வேண்டும். மாவு, எண்ணெய், உப்பு, அமினோ அமிலம் எல்லாவற்றையும் நான் தராசில் நிறுத்துக் கொடுப்பேன். மாசாணம் அண்ணன் அதைக் கிரைண்டரில் போட்டுப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிந்து, விரல் கணு நீளத்துக்கு நறுக்கி, உலர்த்தும் அடுப்பில் வைத்து எடுப்பார். முறுக்கு அச்சு அவருடைய யோசனைதான். பல ஆயிரம் ரூபாய் மிஷினுக்கு நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது, காந்திபுரத்தில் பஸ் மாறும் நேரத்தில் வாங்கி மடித்த துண்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

முதல் நாள் கூண்டுகளைப் பார்த்ததுமே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இதுல மாப்ள ஊட்டுக்காரங்க எந்த வரிசைங்க?"

"அண்ணா, இது ஆராய்ச்சி."

"இருக்கட்டுங்க. பந்தின்னா ஒரு பேரு வேணுமில்லீங்க."

அவராகவே வைத்துவிட்டார். முதல் வரிசை பெண் வீட்டார், எதைப் போட்டாலும் தின்பார்கள். இரண்டாம் வரிசை மாப்பிள்ளை வீட்டார். மூன்றாம் வரிசை ஊர்க்காரர்கள். என் ஆய்வுக் குறிப்பில் அழகாக ஆங்கில எழுத்துகள் போட்டு வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் நானும் "மாப்பிள்ளை வீட்டில் நாலாம் நம்பருக்கு எடை குறைகிறது" என்று பேச ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வழிகாட்டி பேராசிரியர் கிருபாசங்கர் ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார், கண்ணாடியைக் கழற்றினால் பின்னாலேயே ஒரு கேள்வி வரும்.

இப்போது வினைக்கு வருகிறேன். மெத்தியோனின் தூளுக்கு ஒரு நாற்றம் உண்டு. அழுகின முட்டைக்கோஸ் வாடை, கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. ஊர்க்காரர்கள் வரிசைக்குக் கிளைசினின் இனிப்பு இருந்ததால் சமாளித்துத் தின்றன. மாப்பிள்ளை வீட்டு வரிசை முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு முயலும் கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. இதைப் பார்த்துக் கவனிக்க வேண்டிய நான் எங்கே இருந்தேன்? வீட்டில், நூற்றிமூன்று டிகிரி காய்ச்சலில், கம்பளிக்குள். நான் முன்கூட்டியே நிறுத்து வைத்த மாவும் தூளும் மட்டும்தான் அண்ணனிடம் இருந்தன.

மாசாணம் அண்ணன் போன் செய்தார்.

"அம்மணி, மாப்ள ஊட்டுக்காரங்க எலையத் தொடவே மாட்டேங்கறாங்க. நெம்ப கோவமா இருக்கறாங்க."

"எப்படியாவது திங்க வையுங்கண்ணா! அதுங்க திங்கலன்னா என் பட்டம் போச்சு!" என்று கத்திவிட்டு, இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

எட்டு நாள் கழித்துப் போனேன். தட்டு காலி! மாப்பிள்ளை வீட்டார் மீசையை ஆட்டிக்கொண்டு இன்னும் கேட்டார்கள். தீனி மட்டும் கொஞ்சம் பழுப்பாக இருந்தது. மூன்று வரிசைத் தீனியும் ஒரே மாதிரிப் பழுப்பு. எனக்குக் கோபம் உலர்த்தும் அடுப்பின் மேல் வந்தது. சூடு அதிகமாகித் தீய்கிறது என்று முடிவு கட்டி, ரிப்பேர்க்காரரை வரவழைத்து அவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். நான் நம்பவில்லை.

பதினாறு வாரமும் அப்படியே போனது. கடைசி நாள் காலையில் மாசாணம் அண்ணன் இருபத்து நாலுக்கும் தீனி வைத்தார், தண்ணீர் வைத்தார், ஒவ்வொன்றின் காதையும் தடவிவிட்டு என்னிடம் வந்தார். "அம்மணி, பந்திக்கு வந்தவங்களுக்குத் தாம்பூலம் குடுத்து அனுப்பித்தான் எனக்குப் பழக்கம். இத என்னால பாக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு நாள் வரவில்லை. எனக்கும் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அழுதேன். இந்த வேலையில் இதுவும் உண்டு என்று தெரிந்துதான் வந்தேன், ஆனாலும் அழுகை வந்தது.

தமனிகள் சாயத்திலிருந்து வெளியே வந்தன. பெண் வீட்டாரிடம் சிவப்பே இல்லை என்று சொல்லலாம். ஊர்க்காரர்களிடம் கொஞ்சம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு சிவப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கிளைசின் வேலை செய்திருக்கிறது! ஓடிப்போய் கிருபாசங்கர் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னால இதே கூடத்துல, இதே அளவு மெத்தியோனின் குடுத்து ஒருத்தர் செஞ்சார். அவருக்கு நாப்பது வந்தது. உங்களுக்கு ஏன் பாதி?"

"தெரியலீங்க சார்."

"தெரியணும். இது தெரியாம நீங்க ஆய்வேட்டைக் குடுக்க முடியாது."

தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. உடனே எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். மெத்தியோனின் விற்ற ரசாயனக் கடைக்காரருக்குப் போன் போட்டு, கலப்படச் சரக்கா கொடுக்கிறீர்கள், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று கத்தினேன். பாவம், அந்த மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், சித்த மோந்து பாருங்க. அந்த நாத்தத்தப் போலியா யாரும் செய்ய முடியாதுங்க." போனை வைத்துவிட்டேன்.

விலங்குக்கூடத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். மாசாணம் அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"மாப்பிள்ளை வீட்டு முயலுக்கு ரத்தக் குழாய் கெட்டுப்போகணும்ணா. கெடவே இல்ல. பாதிதான் கெட்டிருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நல்லதுதானுங்களே! கொள்ளு தின்னா எப்படீங்க அடைக்கும்?"

டீ தம்ளர் பாதி வழியில் நின்றது.

"என்ன கொள்ளு?"

"நம்ம கொள்ளுதானுங்க. நீங்கதான போன்ல சொன்னீங்க, எப்படியாவது திங்க வையுங்கன்னு. கொள்ள வாசம் வர வறுத்துப் பொடிச்சு, கிலோ மாவுக்கு மூணு புடி போட்டனுங்க. அப்பறம் பாக்கோணுமே! மாப்ள ஊட்டுக்காரங்க தட்டையே நக்கிப்போட்டாங்க."

கொங்கு நாட்டில் கொள்ளைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாமல் எந்த வீட்டிலும் வாரம் கழியாது. கொழுப்பைக் கரைக்கும் என்று ஆளாளுக்கு அடித்துச் சொல்வார்கள். கரைக்குமா கரைக்காதா என்பது வேறு விஷயம், என் ஆய்வு அதைச் சொல்லாது. என் கவலை வேறு. அமினோ அமிலத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து நிறுத்துப் போட்டிருக்கிறேன். அதில் இந்த மனுஷன் புரதம் நிறைந்த ஒரு பயற்றைப் பிடி பிடியாக அள்ளிக் கொட்டியிருக்கிறார்! பதினாறு வாரம்!

நான் பிடித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் ஃபாதர் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவார். என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள், இது முயலா உங்கள் சம்பந்தியா, படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று மூச்சு விடாமல் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து நின்றார்.

மூச்சு வாங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. தீனி மூன்றும் பழுப்பாக இருந்ததே!

"அண்ணா, மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டுமா போட்டீங்க, மூணு வரிசைக்குமா?"

"மூணுக்குந்தானுங்க. ஒரு வரிசைக்கு வெச்சுப்போட்டு இன்னொரு வரிசைக்கு இல்லீன்னா அது ஓரவஞ்சனையில்லீங்களா? பந்தி நடத்தறவன் செய்யற வேலையா அது? ஆனா அம்மணி, மொதல்ல..."

"போதும், ஒண்ணும் சொல்லாதீங்க!" என்று சார் அறைக்கு ஓடினேன்.

மூன்று வரிசைக்கும் ஒரே அளவு என்றால் ஒப்பீடு சாகவில்லை. எல்லாரும் கொள்ளு தின்ற முயல்கள்தான், அந்த நாற்பதுக்காரருடைய முயல்கள் தின்னாதவை. அவற்றுக்குள் கிளைசின் தின்றவை நன்றாக இருக்கின்றன. கிருபாசங்கர் சார் முழுவதும் கேட்டார். மறைக்காமல் எழுதலாம், ஆனால் எவ்வளவு கொள்ளு என்று எழுத வேண்டும் என்றார்.

"மூணு புடிங்க சார்," என்றார் என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த மாசாணம் அண்ணன்.

"பிடின்னா எத்தனை கிராம்?"

அண்ணன் தன் கையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

தராசை மேசையில் வைத்தோம். ஒரு டப்பா நிறையக் கொள்ளுப் பொடி. எண் தெரியாதபடி தராசின் முகத்தைச் சார் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மாசாணம் அண்ணன் சாமி கும்பிடுகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு முப்பது தடவை அள்ளி வைத்தார். சார் ஒவ்வொன்றாகக் குறித்தார். கடித்துக் கடித்து எனக்கு நகமே மிச்சம் இல்லை. சராசரி நாற்பத்திரண்டு கிராம். முப்பது தடவையில் கூடினாலும் ஒன்றரை கிராம், குறைந்தாலும் ஒன்றரை கிராம்.

சார் கண்ணாடியைக் கழற்றி இந்தத் தடவை துடைத்தார். "ஷைலா, நீங்க தராசு இல்லாம அள்ளினா இப்படி வருமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

கிலோ மாவுக்கு மூன்று பிடி, நூற்றிருபத்தாறு கிராம், மூன்று வரிசைக்கும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே அளவு என்று எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளராகப் பேராசிரியர் ஹாரிகா வந்திருந்தார். ஹைதராபாத்துக்காரர், சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அரங்கத்தில் நாற்பது பேர். என் அப்பா, அம்மா, சர்ச்சுப் பெண்கள் மூன்று பேர் முன்வரிசையில். கடைசி வரிசையில் மாசாணம் அண்ணன், கல்யாணத்துக்கு வந்த மாதிரி வெள்ளை வேட்டி சட்டையில்.

ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு ஹாரிகா மேடம் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கொள்ளு மூணு வரிசைக்கும் முதல் நாள்லேர்ந்து ஒரே அளவுன்னு எழுதியிருக்கீங்க. பதிவேட்டுல ஒரு வரி கூட இல்ல. எப்படித் தெரியும்?"

"தீனி செஞ்சவர் சொன்னாருங்க மேடம்."

"அவர் வந்திருக்காரா?"

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. மாசாணம் அண்ணன் எழுந்து நின்றார்.

"ஐயா, முதல் நாள்லேர்ந்தே மூணு வரிசைக்கும் ஒரே மாதிரிப் போட்டீங்களா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். அந்த மனுஷன் கழுத்தைச் சொறிந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நாலரை வருடம் அந்தக் கை கீழே இறங்குவதற்காகக் காத்து நின்றது.

"இல்லீங்கம்மா," என்றார். "மொத மூணு நாளு மாப்ள ஊட்டு வரிசைக்கு மட்டுந்தான் போட்டனுங்க. அவங்கதான் பட்டினி கெடந்தாங்க. நாலாம் நாளுதான் மனசு கேக்கல, எல்லாத்துக்கும் போட்டனுங்க. கடேசி வரைக்கும் போட்டனுங்க. அம்மணி மேல தப்பில்லீங்க. நாஞ் சொல்ல வந்தேன், அன்னைக்கு அவங்க நெம்ப கோவத்துல இருந்தாங்க."

முன்வரிசையில் என் அம்மா சிரித்துவிட்டார். சர்ச்சுப் பெண்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹாரிகா மேடம் பேனாவை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் நாள் கணக்குப் போட்டார்.

"நூத்திப் பன்னெண்டு நாள்ல மூணு நாள். அதையும் இவரா எந்திரிச்சு சொல்றார், சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. சரி, மிச்சம் நூத்தொம்பது நாளையும் நான் நம்பறேன். அறுபத்து மூணாம் பக்கத்தத் திருத்தி எழுதுங்க, இவர் சொன்னபடியே. மூணு நாள் உங்க முடிவ மாத்தாது." என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "வாழ்த்துகள், டாக்டர் ஷைலா."

கைதட்டல், கேக், போட்டோ எல்லாம் நடந்தது. அம்மா போனவர் வந்தவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். மாசாணம் அண்ணன் என்னிடம் வந்து, "கோவிச்சுக்காதீங்க அம்மணி, பெரியவங்க கேட்டாங்க, மாத்திச் சொல்ல வாய் வரலீங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணா என்றேன்.

அப்படிச் சொன்னேன். ஆனால் அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில், ஆண்டவரே, இந்த ஆள் ஆமாம் என்று பொய் சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். அதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை.